உடம்படுமெய்

விளமலில், அரிசி ஆலைக்குப் பின்னால்,
தவிட்டுக் கிடங்காய் இருந்த தகரக் கொட்டகையில்
நாங்கள் நொய் காய்ச்சுகிறோம்.

எழுபது டிகிரி வரை அது வெறும் கஞ்சி.
எழுபத்திரண்டில் கரண்டியை விட மறுக்கும்.
அந்த இரண்டு டிகிரிக்குத்தான் வங்கியில்
நான்கு லட்சம் கடன்.
"பசையுள்ள ஆள் யாராவது
ஜாமீன் போடுவாங்களா?" என்று
மேலாளர் கேட்டார், சிரிக்காமல்.

செய்ய வேண்டியது சின்னப் பொருள்.
காகித நாற்றுக்கிண்ணத்தின் ஓரத்தை
இருபத்தோரு நாள் பிடித்திருக்க வேண்டும்,
இருவேளைப் பூவாளித் தண்ணீரிலும்.
மண்ணுக்குள் போனதும்
விட்டுவிட வேண்டும்.

பிடித்துவைக்க ஆயிரம் வழி உண்டு.
ஃபார்மலின் ஒரு சொட்டு போதும், அசையாது என்றான்
சென்னையிலிருந்து வந்த ரசாயன முகவர்.
மண்புழு? என்றாள் ஜெசிந்தா.
அவன் கைப்பேசியைப் பார்த்தான்.
ஜபருல்லா அவனுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து
பஸ் ஏற்றிவிட்டு வந்தான்.

புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி
கூத்தாநல்லூர் மாவு மில்லுக்குக் கொடுத்தோம்.
மிளகாய் அரைத்த கையோடு
அதையும் அரைத்துவிட்டார்கள்.
அன்றைக்குப் பசை தொட்டவர் கண்ணெல்லாம் எரிந்தது.
எலி மட்டும் அந்தக் கிண்ணங்கள் பக்கம் வரவில்லை.
குறிப்பேட்டில் அதையும் எழுதினோம்:
முப்பத்தாறு. காரம். எலி இல்லை.

முப்பத்தேழில் எலி வந்தது.
முப்பத்தெட்டில் எறும்பு.
முப்பத்தொன்பதில் ஐப்பசி.
ஐந்து கிலோ படிக்கல்லைத்
தாங்கிக்கொண்டிருந்த காகிதக் கீற்று
மூன்றாம் நாள் அடைமழையில், நள்ளிரவில், கைவிட்டது.
கல் விழுந்த சத்தத்துக்கு
ஆலைக் காவலர் விசில் ஊதினார்.
நாற்பதில் பூஞ்சை, பச்சை வெல்வெட்டாய்.

ஊரில் எல்லா உயிருக்கும் இது சாப்பாடு.
அதுதான் எங்கள் சிக்கல்.
அதையேதான் விற்கவும் போகிறோம்.

வியாழக்கிழமை ஜெசிந்தா வருவதில்லை.
நாகப்பட்டினம், குடும்ப நீதிமன்றம்.
மறுநாள் வந்தால் ஒன்றும் சொல்லமாட்டாள்.
பழைய சீசாக்களை வெந்நீரில் அமுக்கி
சீட்டுகளை உரிப்பாள்,
ஓரத்திலிருந்து, கிழியாமல்.

தை மாதம், பேருந்து நிலையத்தில்,
பெயிண்டர் ஒருவர் பலகையில் ஊர்ப்பெயர் எழுதிக்கொண்டிருந்தார்.
'திரு' முடிந்ததும் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.
என் பஸ் வரவில்லை.
திரும்பி வந்து 'வா' என்று எழுதினார்,
பிறகு 'ரூர்'.
அந்த 'வா'வுக்குள் இருந்த 'வ்'வையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
திருவில் அது இல்லை. ஆரூரிலும் இல்லை.
இரண்டு உயிர் அடுத்தடுத்து வந்து நின்றால்
எங்கிருந்தோ வருகிறது.
பிரித்துச் சொன்னால்
தடமில்லாமல் போகிறது.
பள்ளிக்கூடத்தில் இதற்கு ஒரு மதிப்பெண்.
யார் காய்ச்சியது இதை,
எத்தனை டிகிரியில்?

நாற்பத்தொன்றில் எலுமிச்சை உப்பு,
கொஞ்சம் கிராம்பு எண்ணெய்.
அறுபது கிண்ணத்தில் கத்தரி விதைத்தோம்.
பத்தொன்பதாம் நாளே ஒன்பது வாய் பிளந்தன.
மீதி ஐம்பத்தொன்றையும்
கொரடாச்சேரியில் நீலாயதாட்சியின் கொல்லையில் நட்டோம்.

பன்னிரண்டு நாள் கழித்து, இன்று
ஒன்றைத் தோண்டினோம்.
காகிதம் ஈரக் கந்தல்.
நாலாபுறமும் வெள்ளை வேர்.
ஓரம் எது, ஒட்டிய இடம் எது,
பூதக்கண்ணாடிக்கும் தெரியவில்லை.

"எங்க உங்க சரக்கு?" என்றாள் நீலாயதாட்சி.
காட்ட ஒன்றும் இல்லை.
வங்கிக்கு எதை அனுப்புவது என்று
ஜபருல்லா தலையைச் சொறிந்தான்.
ஜெசிந்தா குனிந்து
அந்த வெறும் குழியை
நான்கு பக்கத்திலிருந்தும் படம் எடுத்தாள்.

தோண்டிய செடிக்கு
ஐந்து ரூபாய் கேட்டாள் நீலாயதாட்சி.
கொடுத்தோம்.